வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்: முதல் பருவமே மேடு

1958-ஆம் ஆண்டு சோஃபியா கொர்ராடி என்ற இத்தாலியப் பெண் நியூயார்க்கிலிருந்து ரோமுக்குத் திரும்பினார். ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், சட்டத்தில் முதுகலைப் பட்டத்தோடு வந்திருந்தார். ரோம் பல்கலைக்கழகத்தில் அவருடைய சட்டப் படிப்பு இன்னும் முடியவில்லை. கொலம்பியாவில் எழுதிய தேர்வுகளை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார். அங்கிருந்தவர் நாலு பேர் முன்னால் அவரைக் கடிந்துகொண்டு, ஒழுங்காகப் படிக்கும் வழியைப் பார் என்று அனுப்பிவிட்டார்.

கொர்ராடி அதோடு விடவில்லை. பின்னாளில் கல்வியியல் பேராசிரியரான அவர், இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் அமைப்புக்கு ஆலோசகராக இருந்தபோது 1969-இல் ஓர் அறிக்கை எழுதினார். முன்கூட்டியே ஒப்புதல் பெற்று வெளிநாட்டில் படிக்கும் பாடங்கள், சொந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தில் சேர வேண்டும் என்பது அதன் சாரம். யோசனை நடைமுறைக்கு வர மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1987-இல் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் முதல் அணியில் புறப்பட்டார்கள். அதன்பின் அந்தத் திட்டத்தின் பல்வேறு பிரிவுகளில் பயன்பெற்றோர் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைத் தொட்டுவிட்டது. கொர்ராடியை ‘எராஸ்மஸின் அம்மா’ என்றே ஐரோப்பா அழைத்தது.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சுகள் உண்டு. விமானம் ஏறும்வரை எல்லாம் காகிதப் பேச்சு: விசா, கட்டணம், வங்கிக் கடன், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண். இறங்கியபின் எல்லாம் மனப் பேச்சு: தனிமை, குளிர், வீட்டு நினைவு, சாப்பாடு. முன்னதை கன்சல்டன்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். பின்னதை மாணவரே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அறுபது, எழுபது ஆண்டுகால ஆய்வுகளையும் பல்கலைக்கழகங்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. காகிதச் சுமையும் மனச்சுமையும் ஒரே நேரத்தில், முதல் பருவத்தில், ஒரே ஆளின் தலையில் ஏறுகின்றன. உதவியோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

போகும் வழிகள் மூன்று

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போவோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒரு பருவமோ ஓராண்டோ போய்ப் படித்துவிட்டுத் திரும்பும் பரிமாற்ற மாணவர்கள் முதல் வகை. இளங்கலையை ஊரில் முடித்துவிட்டு முதுகலைக்குப் போகிறவர்கள் இரண்டாம் வகை. தமிழ்நாட்டிலிருந்து போகிற பொறியியல் பட்டதாரிகளில் பெரும்பாலோர் இவர்களே. ஓர் இடத்தில் தொடங்கிய படிப்பைப் பாதியில் எடுத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் மூன்றாம் வகை. எண்ணிக்கையில் குறைவு, சிக்கலில் அதிகம். முதல் இரண்டு வகையினர் ஒரு வாசலைத் தாண்டினால் போதும். மூன்றாம் வகையினரின் ஒவ்வொரு பாடமும் தனித்தனியாக வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த அனுமதியை எளிதாக்கத்தான் ஐரோப்பா ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது. ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு என்றால் 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமல்ல, நூலகத்தில் படிப்பதும் வீட்டில் கணக்குப் போடுவதும் அதில் அடக்கம். 1999-இல் 29 நாடுகள் கையெழுத்திட்ட பொலோனியா அறிக்கை இந்த அளவைப் பரவலாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1997-இல், லிஸ்பனில் உருவான ஒப்பந்தம் இன்னொரு முக்கியமான விதியைச் சொல்லிவிட்டது. வெளியே படித்ததற்கும் இங்கே படிப்பதற்கும் கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று காட்டினால் ஒழிய அங்கீகாரத்தை மறுக்கக் கூடாது. அப்படிக் காட்டும் பொறுப்பு மறுக்கும் பல்கலைக்கழகத்துடையது. 1958-இல் கொர்ராடிக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர்.

அமெரிக்காவில் பாதியில் மாறுவது புதிய செய்தியே அல்ல. கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு சேர்வது அங்கே வழக்கமான பாதை. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியும் மாறி வரும் மாணவர்களின் மதிப்பெண் முதல் பருவத்தில் சரிவதை ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 1965-இல் தொகுத்துக் காட்டினார். ‘மாற்ற அதிர்ச்சி’ என்று அவர் சூட்டிய பெயர் இன்றும் கல்வி ஆய்வுகளில் புழங்குகிறது. அதே நாட்டில், அதே மொழியில், சில சமயம் அதே ஊரில் கல்லூரி மாறியவர்களுக்கே இந்தச் சரிவு. பலரும் அடுத்தடுத்த பருவங்களில் எழுந்துவிடுகிறார்கள் என்பதையும் அவர் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தியாவில் இந்தக் கதவு அண்மையில்தான் கொஞ்சம் திறந்தது. 2021-இல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற பெயரில் கிரெடிட்களைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு வந்தது. 2022-இல் யுஜிசி வெளியிட்ட விதிகள், இந்தியப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பாடத்திட்டங்கள் நடத்த வழி செய்தன. அவற்றில் ஒன்றான ட்வின்னிங் முறையில் மொத்தக் கிரெடிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் வெளிநாட்டில் படிக்கலாம். ஆனால் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் தானாக மாறிப் போகும் மாணவருக்கு இந்த விதிகள் துணைக்கு வருவதில்லை.

போர் துரத்திய மாற்றம்

மூன்றாம் வகையின் மிகக் கடுமையான சோதனை 2022-இல் நடந்தது. பிப்ரவரி இறுதியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது அங்கே சுமார் 18,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேல். எல்லையைக் கடந்து போலந்து, ருமேனியா, ஹங்கேரி வழியாக ‘ஆபரேஷன் கங்கா’ விமானங்களில் ஊர் வந்து சேர்ந்தார்கள். உயிர் தப்பிய நிம்மதி சில வாரங்கள் இருந்தது. பிறகு, படிப்பு என்னவாகும் என்ற கேள்வி வந்தது.

இங்கே இருக்கும் மருத்துவக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளும்படி பெற்றோர்களும் மாநில அரசுகளும் கேட்டார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. வேறு நாட்டுக்கு மாறலாம் என்றால் அங்கும் முட்டுக்கட்டை. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர் 54 மாதப் படிப்பையும் அதன்பின் 12 மாதப் பயிற்சியையும் ஒரே கல்வி நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும். தரமற்ற கல்லூரிகளுக்கு மாணவர்கள் தாவுவதைத் தடுக்கத்தான் அந்த விதி. போரைப் பற்றி அது யோசிக்கவில்லை.

கடைசியில் 2022 செப்டம்பர் 6 அன்று ஆணையம் ஒரு வழி கண்டது. உக்ரைன் அறிவித்திருந்த ‘கல்வி நகர்வு’ ஏற்பாட்டுக்கு ஆட்சேபமில்லை என்றது. மாணவர் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகப் படிக்கலாம். பட்டத்தை உக்ரைனில் உள்ள தாய்ப் பல்கலைக்கழகமே தர வேண்டும். இந்த ஏற்பாட்டிலும் நேரடி மாற்றத்திலுமாக மாணவர்கள் ஜார்ஜியா, செர்பியா, உஸ்பெகிஸ்தான் என்று பல திசைகளில் பிரிந்தார்கள். உஸ்பெகிஸ்தானில் சமர்கண்ட் மாநில மருத்துவப் பல்கலைக்கழகம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துக்கொண்டது.

இரண்டு, மூன்று ஆண்டுகள் படித்து, மருத்துவமனையில் நோயாளியோடு பேசுகிற அளவுக்கு உக்ரைன் மொழியோ ரஷ்ய மொழியோ பழகியிருந்தவர்கள் புதிய நாட்டில் இன்னொரு மொழியோடு மறுபடி அரிச்சுவடியில் உட்கார்ந்தார்கள். பாடங்களின் வரிசை நாட்டுக்கு நாடு வேறு. உக்ரைனில் மூன்றாம் ஆண்டில் வைக்கும் பாடம் புதிய நாட்டில் இரண்டாம் ஆண்டிலேயே முடிந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு பருவத்தை மீண்டும் படித்தவர்கள் உண்டு. அதுவரை கட்டிய கட்டணம் ஒரு நாட்டில் நின்றுபோக, புதுக் கட்டணம் இன்னொரு நாட்டில் தொடங்கியது.

ஜெர்மனியில் முதல் மூன்று மாதம்

அமைதிக் காலத்தில், தானே விரும்பிப் போகிறவருக்கு முதல் பருவம் எப்படியிருக்கும் என்று பார்க்க ஜெர்மனி பொருத்தமான இடம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே 49,483 இந்திய மாணவர்கள் படித்தார்கள். சீன மாணவர்களைத் தாண்டி இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது முதல் ஈர்ப்பு. விதிவிலக்குகளும் இருக்கின்றன. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை நிர்ணயித்திருக்கிறது.

புறப்படும் முன்பே காகித வேலை தொடங்கிவிடும். இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். ஓராண்டுச் செலவுக்கான பணத்தை ‘ப்ளாக்டு அக்கவுண்ட்’டில் போட்டுக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது, மாதத்துக்கு 992 யூரோ மட்டும் எடுக்கலாம். கனடா இதைவிடக் கடுமையாக, 2024 ஜனவரியில் கையிருப்புத் தொகையை 10,000 டாலரிலிருந்து ஒரேயடியாக 20,635 டாலராக ஏற்றியது.

மதிப்பெண் மாற்றும் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சிக்கான கடைசிப் படி. இந்திய சிஜிபிஏயை இந்த அளவுக்குக் கொண்டுவர ‘மாற்றியமைத்த பவேரிய வாய்ப்பாடு’ ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவரின் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒருவரின் சிஜிபிஏ 7.4 என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சி எல்லை 5 என்றால் கிடைப்பது 2.56. எல்லை 4 என்றால் 2.3. 2.5-க்கு மேல் போனால் விண்ணப்பம் தள்ளுபடி என்கிற துறையில், முதல் கணக்கின்படி அவர் வெளியே, இரண்டாவதன்படி உள்ளே. டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சடித்திருக்கும் தேர்ச்சி எல்லை, நான்கு வருட உழைப்பைவிட அந்த இடத்தில் கனக்கிறது.

போய் இறங்கியதும் அடுத்த வரிசை காத்திருக்கிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதை ‘ஆன்மெல்டுங்’ என்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் நம் பிள்ளைகளின் தமிழிலும் அந்தச் சொல் கலந்துவிட்டது. அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். தற்காலிகமாக நண்பர் அறையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கு அந்தக் கடிதம் கிடைக்காது. கடிதம் இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் வரி எண் கையில் வருவது தாமதமாகும், குடியிருப்பு அனுமதியும் தள்ளிப்போகும். இதற்கிடையில் மாணவர் விடுதிக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் எங்கோ கீழே இருக்கும். பகிர்ந்து வாழும் வீடுகளில் அறை கேட்டுப் போனால் அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் நேர்காணல் வைப்பார்கள்: பாத்திரம் கழுவுவாயா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவாய், எங்களோடு சேர்ந்து சமைப்பாயா?

விசா தாமதமானால் இவை அத்தனையும் இன்னும் இறுகும். குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும்; அதற்கு முந்தைய நாள்களில் புதியவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிகள் நடக்கும். நவம்பரில் போய்ச் சேருபவருக்கு இரண்டும் போச்சு.

அரியருக்கு இடமில்லை

வகுப்பறைக்குள் இருக்கும் வேறுபாடு, வெளியே இருக்கும் வேறுபாட்டைவிட ஆபத்தானது. அது சத்தமில்லாமல் வேலை செய்யும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு 40 மதிப்பெண் இன்டர்னல். அசைன்மென்ட், உள் தேர்வு என்று பருவம் முழுக்கத் துளித்துளியாகச் சேரும். ஒரு பேப்பர் போனாலும் அரியர் வைத்துக்கொண்டு அடுத்த நவம்பரிலோ ஏப்ரலிலோ எழுதித் தள்ளலாம் என்ற தைரியம் கல்லூரி வளாகத்தின் காற்றிலேயே உண்டு.

ஜெர்மனியில் பல பாடங்களுக்கு ஒரே ஒரு தேர்வு, 90 நிமிடமோ 120 நிமிடமோ. மொத்த மதிப்பெண்ணும் அதில்தான். வருகைப் பதிவு பெரும்பாலான விரிவுரைகளில் கிடையாது. போனாயா வந்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தேர்வுக்குத் தானே இணையதளத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கடைசித் தேதி தாண்டினால் எழுத முடியாது. பெயர் கொடுத்துவிட்டு மருத்துவச் சான்று இல்லாமல் வராவிட்டால் தோல்வி என்று பதிவாகும். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை எழுத மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதிலும் கட்டாயப் பாடம் ஒன்றில் தோற்றால் ‘இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை’ என்று பெயர் நீக்கப்படும். அதே படிப்பை ஜெர்மனியின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக முடியாது. படிப்பு போனால் மாணவர் விசாவின் அடிப்படையும் போகும்.

ஒருவரின் அறிவுக்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தம் குறைவு. முதல் பருவத்தில் ஆறு பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அவற்றில் இரண்டை விலக்கிக்கொள்ளும் கடைசி நாளைத் தவறவிட்டவர் நல்ல மாணவராகவே இருக்கலாம். ஊரில் கல்லூரி நமக்காகப் பார்த்துக்கொண்ட பல வேலைகளை அங்கே மாணவரே செய்ய வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இத்தனை இறுக்கத்துக்கு நடுவே ஆச்சரியமான தளர்வுகளும் உண்டு. கால அட்டவணையில் பத்து மணி என்று போட்டிருக்கும் விரிவுரை, மரபுப்படி பத்தே காலுக்குத் தொடங்கும். முடிந்ததும் கைதட்டாமல் மாணவர்கள் மேசையில் விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் நாள் அதைக் கேட்கிறவர், பேராசிரியர்மேல் ஏதோ கோபமோ என்று திகைப்பார். அதுதான் அங்கே பாராட்டு.

வளைகோட்டின் வழக்கு

புதிய நாட்டில் மனம் எப்படிப் பழகுகிறது? இதற்கு நீண்ட காலம் பாடப் புத்தகங்களில் இருந்த விடை ஒரு வளைகோடு. நார்வேக்காரரான ஸ்வெர்ரெ லீஸ்கோர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களிடம் பேசி 1955-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள். ஆக முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு ஏற்றம். மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் வெளியிட்ட கட்டுரை ‘கலாச்சார அதிர்ச்சி’ என்ற தொடரைப் பரவலாக்கி, முதல் கட்டத்துக்குத் ‘தேனிலவு’ என்று பெயர் வைத்தது. அன்று முதல் வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் தேனிலவையே பாடின.

லீஸ்கோர் ஒரே ஆளைத் தொடர்ந்து கவனிக்கவில்லை என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். வெவ்வேறு காலம் தங்கியிருந்த வெவ்வேறு ஆள்களை ஒப்பிட்டார், அதுவும் அவர்கள் ஊர் திரும்பிய பிறகு. காலின் வார்டும் அவருடைய குழுவினரும் 1998-இல் இந்த வளைகோட்டைக் கூண்டில் ஏற்றினார்கள். நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்த உடனேயும், பிறகு ஓராண்டு வரை இடையிடையேயும் விசாரித்தார்கள். தேனிலவு தென்படவே இல்லை. மனச்சோர்வும் அன்றாட வாழ்க்கையின் தடுமாற்றமும் வந்திறங்கிய நேரத்தில்தான் உச்சத்தில் இருந்தன. பிறகு படிப்படியாகக் குறைந்தன.

இந்த முடிவை ஹில்ஸின் ‘மாற்ற அதிர்ச்சி’யோடும் ஜெர்மனியின் முதல் மூன்று மாதக் காகித வரிசையோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண் சரிவது முதல் பருவத்தில். மனம் சோர்வதும் அப்போதுதான். முகவரி, வங்கி, காப்பீடு, தேர்வுப் பதிவு எல்லாம் குவிவதும் அதே வாரங்களில். தேனிலவுக் கதையை நம்பிய பல்கலைக்கழகம், முதல் மாதம் மாணவர் உற்சாகமாக இருப்பார் என்று எண்ணி ஆலோசகரை நடுப் பருவத்தில் அனுப்பும். அதற்குள் தேர்வுப் பதிவின் கடைசித் தேதி முடிந்திருக்கலாம்.

கேம்பிரிட்ஜில் ஒரு கும்பகோணத்துக்காரர்

நூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் உதாரணம் தமிழர்களுக்கு நன்கு தெரிந்ததே. ஆனால் மேதைமைக் கதையாகவே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து எஃப்ஏ தேர்வைத் தாண்டாத சீனிவாச ராமானுஜன், 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. இங்கே இரண்டு இடத்தில் தோல்வி என்று எழுதியிருந்த கல்விக் கணக்கை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வின் பேரில் 1916-இல் அவருக்குப் பட்டம் கிடைத்தது. காகிதத்தைப் பொறுத்தவரை, அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டி முன்னின்றதால், அவருடைய வழி வியக்கத்தக்க அளவு சுமுகமானது.

மற்றது சுமுகமாக இல்லை. சைவ உணவுக்காரர், கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் உண்ண மனமில்லை. ஊருக்கு எழுதிச் சாமான்கள் வரவழைத்துத் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். அவர் போன சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கி, காய்கறியும் பழமும் கிடைப்பதே பாடாகிவிட்டது. அப்போது கேம்பிரிட்ஜில் படித்த பி.சி. மகாலனோபிஸ் ஒரு நாள் போனபோது, ராமானுஜன் கணப்படுப்பின் அருகே உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வை போர்த்திப் படுக்கிறேன் என்றார். மகாலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தார். கம்பளிகள் மெத்தைக்கடியில் இறுகச் செருகியபடியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளுக்கு மேலே, தளர்வாகக் கிடந்த மேல்விரிப்பின் கீழேயே படுத்திருந்தார்.

உலகின் தலைசிறந்த கணித மூளை ஒன்றுக்கு மெத்தையைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. சொன்னவர் கல்லூரி அலுவலரோ பேராசிரியரோ அல்ல, கல்கத்தாவிலிருந்து வந்த சக மாணவர்.

யாருடன் சேர்வது?

புதியவருக்கு யார் எதில் உதவுகிறார் என்ற இந்தச் சிறு விவரத்தைத்தான் ஸ்டீவன் பாக்னரும் உடன் பணியாற்றியவர்களும் 1977-இல் முறையாக ஆராய்ந்தார்கள். ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவர்களின் நட்பு வட்டங்களைப் பார்த்தபோது மூன்று வகை தெரிந்தது. சொந்த நாட்டுக்காரர்களோடு உள்ள நெருக்கம் மனத்துக்கு ஆறுதல் தந்தது. உள்ளூர் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் உள்ள தொடர்பு படிப்புக்கும் வேலைக்கும் உதவியது. பிற வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்தது பொழுதுபோக்குக்கு. ஒரு வட்டம் இன்னொன்றின் வேலையைச் செய்யவில்லை.

‘நம்மாளுங்களோடயே சுத்தாதே, மொழி வராது’ என்ற அறிவுரை பாதி சரி. நவம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் ஊரில், ரசம் வைத்துக் கொடுக்கும் சீனியர் செய்யும் வேலையை எந்த மொழி வகுப்பும் செய்யாது. ஆன்மெல்டுங்குக்கு எந்தப் படிவம், எந்தக் காப்பீட்டில் சேரலாம், ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே அரிசி வாங்கிவை என்று சொல்பவரும் அவர்தான். அந்த வட்டத்திலேயே நின்றுவிட்டால், பேராசிரியரின் ஆய்வகத்தில் பகுதிநேர வேலை காலியாக இருக்கிறது என்ற செய்தி காதுக்கு வராது. ஜெர்மனியில் 2024-லிருந்து வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழக உதவியாளர் வேலை அந்தக் கணக்கில் சேராது. இதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் பக்கத்து மேசையில் இருக்கும் உள்ளூர் மாணவரே.

எராஸ்மஸ் தொடங்கிய இரண்டாண்டுக்குள், 1989-இல், திரும்பி வந்த மாணவர்களே சேர்ந்து எராஸ்மஸ் மாணவர் அமைப்பை உருவாக்கினார்கள். புதிதாக வருபவருக்கு ஓர் உள்ளூர் மாணவரைத் துணையாகக் கொடுக்கும் ‘படி’ (buddy) திட்டத்தை அது பல ஊர்களில் நடத்துகிறது. மகாலனோபிஸ் தற்செயலாகச் செய்ததை இது ஏற்பாடாகச் செய்கிறது. ஆனால் இதுபோன்ற துணை, பரிமாற்றத்தில் வரும் முதல் வகை மாணவருக்குக் கிடைக்கும் அளவுக்கு, தானாக மாறி வரும் மூன்றாம் வகை மாணவருக்குக் கிடைப்பதில்லை. பரிமாற்ற மாணவரின் பெயர் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. மற்றவர் மூன்றாம் பருவத்து வகுப்பில் நேராகப் போய் உட்கார்கிறார். முதலாண்டு அறிமுக வாரம் அவருக்கில்லை, பழைய மாணவர்களின் குழுவிலும் அவரில்லை.

புறப்படும் முன் கேட்க வேண்டியவை

உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம், படித்து முடித்தால் சம்பளம் எவ்வளவு என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். தவறில்லை. இவற்றோடு வேறு நாலு கேள்விகளும் சேர வேண்டும். முதலாவது, ஏற்கெனவே படித்த பாடங்களில் எவை எவை ஏற்கப்படும் என்பது எழுத்தில் கிடைக்குமா? வாய்மொழி உறுதிக்குத் தேர்வு அலுவலகத்தில் மதிப்பில்லை. சிலபஸ் பக்கங்களை முத்திரையோடு ஊரிலேயே வாங்கி வைத்தால், அங்கே போய் மின்னஞ்சலில் கெஞ்ச வேண்டாம். இரண்டாவது, ஒரு தேர்வை எத்தனை முறை எழுதலாம், தோற்றால் என்ன ஆகும்? இது ஒவ்வொரு துறையின் தேர்வு விதிகளிலும் அச்சிட்டே இருக்கிறது. மூன்றாவது, முதல் மாதம் படுக்கை எங்கே, அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா?

நான்காவது கேள்வி திரும்பி வருவதைப் பற்றியது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஈடுச் சான்று தருவதற்கான புதிய விதிகளை யுஜிசி 2025 ஏப்ரலில் அறிவித்தது. மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை போன்ற படிப்புகளுக்கு அவை பொருந்தாது. அந்தந்தத் துறையின் கவுன்சில் வைத்ததே அங்கே சட்டம். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கே தொழில் செய்யத் தனித் தேர்வு எழுதி, பயிற்சியும் முடிக்க வேண்டும். எனவே பாதியில் நாடு மாறப் போகிற மருத்துவ மாணவர், சேரப் போகும் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் அதே வாரத்தில் டெல்லியில் உள்ள தேசிய மருத்துவ ஆணையத்தின் அப்போதைய விதியையும் வாசித்துவிட வேண்டும். சேர்த்துக்கொள்ளும் நாடு ஒன்று, அங்கீகரிக்கும் நாடு இன்னொன்று என்பதை உக்ரைனிலிருந்து திரும்பியவர்கள் ஆறு மாதம் காத்திருந்து தெரிந்துகொண்டார்கள்.